என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் புத்தாண்டு இரண்டு முறை பிறக்கும். டிசம்பர் கடைசி இரவு ஓர் ஆராதனை. ஜனவரி முதல் நாள் காலையில் இன்னொன்று. இரண்டாவது, நைட் ஷிப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக. கம்பெனி பஸ் ஒரகடம் கூட்ரோட்டில் இறக்கிவிட்டதும் அறைக்குப் போய்க் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வந்து உட்காருவார்கள். பிரசங்கத்தின் பாதியில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பாஸ்டர் கோபித்துக்கொள்வதில்லை.

"தூங்குறவங்க தூங்கலாம். குறட்டை மட்டும் பாட்டோட சுருதியில இருக்கட்டும்" என்பார்.

ஆனால் வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கும் நேரம் வந்தால் ஒருவர்கூடத் தூங்க மாட்டார். கடவுள் தம் மக்களுக்கு ஆறுதலாகச் சொன்ன வசனங்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு, ஒரு தட்டில் கவிழ்த்துப் போட்டிருப்போம். ஒவ்வொருவராக வந்து, கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷத்துக்கு அதுதான் அவருடைய வசனம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள், பைக் டேங்க் கவரில் செருகுவார்கள், மாமியாரோடு சண்டை வந்தால் எடுத்துப் பார்ப்பார்கள்.

அட்டைகளைத் தயாரிப்பதும் தட்டைப் பிடிப்பதும் என் வேலை. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டரில் அடித்து, வெட்டி, லேமினேட் செய்துவிடுவேன். ஆறுதல் வசனங்கள் மட்டும்தான். தீர்க்கதரிசிகள் திட்டிய திட்டுகளுக்கு எங்கள் தட்டில் இடமில்லை. ஒரு தட்டில் இத்தனை அட்டை இருந்தால் குறிப்பிட்ட ஒன்று கைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அதே நான், மனைவி இறந்த வருஷம் எனக்கு வந்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். தண்ணீரைக் கடக்கும்போது கூட இருப்பேன் என்ற வசனம் அது. காலையில் ஒருவனுக்கு மட்டும் காபி போடும்போது அந்த அட்டையைத் தொட்டுப் பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆகவே, நம்பிக்கை இல்லாதவன் செய்த காரியம் என்று நான் சொல்லப்போவதை யாரும் தள்ளிவிட முடியாது. நம்பிக்கை இருந்துகொண்டேதான் செய்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி. அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். அவன் உள்ளூர்க்காரன், கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சபையில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எனக்குப் பார்வை மங்கியபின் என் பழைய காரை ஞாயிறுதோறும் அவன்தான் ஓட்டுவான். அவள் வாரம் இரண்டு தடவை வந்து என் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பாள்; பார்க்கும்போதே திட்டுவாள்.

"ஊறுகா தின்னியளா மாமா?"

"தொட்டுக்கிட்டேன்."

"தொட்டதுக்கே இம்புட்டா? பாட்டில கவுத்துருப்பிய!"

அந்தத் திட்டுக்காகவே நான் ஊறுகாய் தின்ற நாட்கள் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். அவள் ஊரில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை, குடியிருக்க வீடும் தருகிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, பக்கத்திலேயே இருக்கலாம். புத்தாண்டு முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். புருஷனைக் கேட்டாளாம். அவன், "நீ எங்க சொல்றியோ அங்க. ஸ்பேனர் புடிக்கிறவனுக்கு எந்த ஊர்லயும் சோறு கீது" என்றுவிட்டானாம்.

"நான் ஆண்டவர்ட்ட கேட்டுருக்கேன் மாமா. புது வருஷத்துச் சீட்டுல என்ன வருதோ அதுதான். அவரு சொன்னா சொன்னதுதான்."

"நல்லதும்மா" என்றேன்.

அவள் போனபின் வீடு முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. என் மகன் வெளிநாட்டில். மருமகள் வீடியோவில் நல்லவள். பக்கத்து வீட்டு இரண்டு பேரும் போய்விட்டால் என்னைத் திட்ட யாருமில்லை. அப்படித்தான் நினைத்தேன், அதைவிட உயர்வாக ஒன்றும் நினைக்கவில்லை.

அன்று சாயந்தரம் அட்டைகளுக்கு வசனம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பஞ்ச காலத்தில் எகிப்துக்குப் புறப்படப் பார்த்த ஈசாக்கிடம், போகாதே, இந்த நாட்டிலேயே தங்கியிரு, நான் உன்னோடு இருந்து ஆசீர்வதிப்பேன் என்று கடவுள் சொன்ன இடம் கண்ணில் பட்டது. அதை அச்சிட்டேன். அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

ஜனவரி முதல் நாள் காலை ஆராதனை. புருஷன் நைட் முடித்து நேராக வந்து தூணில் சாய்ந்திருந்தான். அவள் வரிசையில் வந்து தட்டுக்கு முன் நின்று கண்ணை மூடினாள். மற்றவர்கள் இரண்டு விநாடி மூடுவார்கள். அவள் உதடு அசைய நெடுநேரம் ஜெபித்தாள். அந்த அட்டை தட்டின் விளிம்பில் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அவள் கை நீண்டபோது தட்டைச் சற்றுத் திருப்பி, அட்டையை அவள் விரலுக்கு நேராகத் தள்ளினேன். எடுத்தாள். படித்தாள். முகத்தில் என்னவோ ஒன்று வந்து போயிற்று. சந்தோஷம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

எல்லாரும் எடுத்தபின் மிஞ்சுவதுதான் தட்டுப் பிடிப்பவனுக்கு. அந்த வருஷம் எனக்கு மிஞ்சியது, உன் சந்ததியை வானத்து நட்சத்திரங்களைப் போலப் பெருகப் பண்ணுவேன் என்ற வாக்குத்தத்தம். எழுபதைத் தாண்டிய எனக்கு! பாஸ்டர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு நன்றாகவே வந்தது.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். வழக்கமாக விசா கிடைத்தது, காணாமல் போன பைக் கிடைத்தது என்று வரும். அன்று அவள் எழுந்தாள்.

"எனக்கு ஊருல வேல கெடச்சது. போவணுமா வேண்டாமான்னு ஆண்டவர்ட்ட கேட்டேன். அவரு என் கூட நேராப் பேசுனாரு. இங்கனயே இருன்னு சொல்லிட்டாரு. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரலன்னு சொல்லிட்டேன்."

சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. முதல் வரிசையில் இருந்த நானும் சொன்னேன். அதைச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒருவர் போகாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது மனிதக் குணம். கடவுளின் குரலில் பேசி அவரை நிறுத்தியது வேறு. மோசேயின் பத்துக் கட்டளைகளில் அதற்கென்றே ஒன்று இருக்கிறது, கடவுளுடைய பெயரை வீணாக எடுக்காதே என்று. 'ஐயோ கடவுளே' என்று சும்மா சொல்வதைப் பற்றியது அது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவர் என்னைவிடப் பாதி வயதுக்காரர். கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், நீங்களா?"

"நான்தான்."

"என்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம்? எனக்கு இது சேதி. அவங்களுக்குத்தான் இது வாழ்க்கை. இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க. ஆஸ்பத்திரியில வேற ஆளைப் போட்டுட்டா அப்புறம் நீங்க அழுதும் பிரயோஜனமில்ல."

மத்தியானம் போனேன். கோழி வெந்துகொண்டிருந்தது. அவன் தரையில் படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னார்கள், நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அச்சிட்டது, ஒளித்தது, தள்ளியது, ஏன் செய்தேன் என்பது, எல்லாம் சொன்னேன். டி.வி.யில் யாரோ அவுட் ஆனார்கள். அவன் அதை அணைத்தான்.

"கண்ண மூடிட்டுல்லா எடுத்தேன்" என்றாள்.

"அதனாலதான் முடிஞ்சுது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சாட்சி சொன்னேனே மாமா, அத்தன பேரு முன்னால. நீங்க முதல் வரிசையில இருந்து அல்லேலூயாவும் போட்டிய."

அவன்தான் முதலில் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவனுக்கு அப்படித்தான் வரும். "இன்னா சார் நீ, மூணு சீட்டுக்காரன் மாதிரி கையில வேல காமிச்சிருக்கியே! ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டாண்ட உக்காந்தா நல்லா கல்லா கட்டலாம்."

"நீங்க சும்மா இருங்க!" என்று அவள் கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "அப்போ ஆண்டவர் எனக்கு ஒண்ணும் சொல்லல."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "அவரு சொன்னது இருக்கட்டும். உனக்குப் போணுமா வேணாமா? அத்த நீ ஒரு தபாகூடச் சொல்லல."

"போவணும்" என்றாள். சொன்னதும் அழுதுவிட்டாள். சீட்டைப் படித்த அன்று அவள் முகத்தில் வந்து போனது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் ஆசைப்பட்டதைக் கீழ்ப்படிதல் என்று நினைத்து விட்டுக்கொடுத்திருக்கிறாள். அந்தக் கீழ்ப்படிதல் எனக்குச் செய்யப்பட்டது.

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மேட்ரன், கமிட்டியில் வேறு பெயர் கொடுத்தாயிற்று, கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அவள் என்னைப் பார்க்காமல், "கோழி கருகுது" என்று உள்ளே போனாள். நான் வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்க ரத்த அழுத்தம் பார்க்க யாரும் வரவில்லை. ஊறுகாயும் இறங்கவில்லை.

அவள் சபை முன்னால் சொன்ன பொய் என்னுடையது. ஆகவே அதைத் திருத்துவதும் சபை முன்னால்தான். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். கல்லூரியில் முப்பது வருஷம் மேடையில் நின்ற நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அதைவிட மோசமானது பிறகு வந்தது.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். செல்போன் கம்பெனியில் ஆபரேட்டர், ஹாஸ்டலில் இருப்பவள். அவர்கள் லைனில் எதையும் கொண்டுபோகக் கூடாது. தன் சீட்டை ஐ.டி. கார்டு உறைக்குள் ஒளித்து வைத்து, டார்கெட் முடியாத நாளில் கார்டை மேலாகத் தொட்டுக்கொள்வாளாம்.

"சார், என்னுது?" என்றாள். "என்னுதும் நீங்க வெச்சதா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு சீட்டைத்தான் தொட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டியவர்கள், மகனுக்குக் காட்டியவர்கள், ஆபரேஷனுக்கு முன் பிடித்துக்கொண்டவர்கள்.

"இல்லம்மா. உன்னுது தானா வந்தது. ஒண்ணே ஒண்ணுதான் நான் வெச்சது."

"நெஜமாவா சார்?"

"நெஜமா."

"சரி சார்" என்று உட்கார்ந்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. இப்போது தட்டை வேறொருவர் பிடிக்கிறார். பாஸ்டர் என்னைக் கைவிடவில்லை. செருப்பு ஸ்டாண்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தந்திருக்கிறார். அதில் யாருடைய விதியையும் மாற்ற முடியாது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வேப்பமரத்து நிழலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"வரச் சொல்லிட்டாவ. கமிட்டி ஒத்துக்கிட்டாவளாம். அடுத்த திங்கக்கெழம சேரணும்."

நல்லது என்று சொல்ல வாய் எடுத்தேன். வேலைச் செய்தியோடு அவள் வந்த அன்றும் அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருந்தேன்.

"போகாதேன்னு சொல்லணும்போல இருக்கு" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் போனா எனக்கு இங்க யாரும் இல்ல."

அவள் முகம் சிவந்தது. "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா எங்க அம்மாட்ட சொல்லி, நீங்க வந்தா தங்க ஒரு ரூம் பாத்துருப்பேன். இப்ப உங்க மேல கோவமா இருக்கேன். கோவம் தீரட்டும், பாக்கேன்."

"எப்போ தீரும்?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? சீட்டா எடுக்க முடியும்?"

அவன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"ஏறு சார். கோவத்த வண்டிக்குள்ள வெச்சிப் பேசிக்கலாம், வெளிய வெயிலு."

அவள் பின் கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து ஏறும்போது தலை இடிக்காமல் இருக்க, மேலே கையை வைத்திருந்தாள்.