அக்காவின் காணியில் விளைந்த கஞ்சி

லிங்கநகரில் என் வீட்டுக்கு அடுத்திருப்பது அக்காவின் வெறுங்காணி. அக்கா கனடாவில். ஆளில்லாக் காணி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று அவர் சொல்லித்தான் அதில் புற்றரைப் புல் பதித்தேன். பிறகு எனக்கு முழங்கால் நோவு வந்தது, வெட்டுவதை விட்டேன். புல் கதிர் விட்டது.

அப்போதுதான் பின்வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்த பெண்ணைக் காணிக்குள் கண்டேன். குச்சவெளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலி கிழிந்த இடத்தால் நுழைந்து, குந்தியிருந்து கதிர்களை உருவி மடியில் சேர்த்தார். மறுநாள் கல் பொறுக்கினார். பிறகு, உருவி முடித்த பகுதியை அரிவாளால் ஒட்ட வெட்டினார்.

கதிர் உருவியதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கல் பொறுக்கியதுதான் உறுத்தியது. பத்திரிகைக்குக் காணி வழக்குகளை எழுதிப் பழகியவன் நான். துப்புரவாக்கி, விளைந்ததை எடுத்துவந்தவர் சில காலம் போனதும் நீதிமன்றத்தில் அது தன் ஆட்சியில் இருந்த காணி என்பார்.

அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"காணிக்குள்ள பூந்திட்டாள் போல கிடக்கு. நீ பாத்துக்கொண்டு நிண்டனியோ?"

"புல்லுத்தான் அக்கா புடுங்கிறா."

"இண்டைக்குப் புல்லு, நாளைக்கு வாழை வைப்பாள். காணி போனால் நான் ஊருக்கு வந்து எங்க இருக்கிறது? உன்ர விறாந்தையிலயோ?"

வேலியை அடைக்கக் கம்பியோடு புறப்பட்டேன். அந்தப் பெண் என் படலையில் நின்றார், கையில் மூடிய கோப்பையோடு.

"அண்ணை, கஞ்சி. அந்தப் புல்லரிசியில காய்ச்சினது. வறுத்து இடிச்சனான்."

நான் கை நீட்டவில்லை. வாங்கினால், அந்தக் காணியின் விளைச்சலை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டென்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"எனக்கேன்?"

"காணிக்காரருக்குப் பங்கு குடுக்காமல் தின்னேலுமே? எங்கட பக்கம் வயல் வெட்டினால் முதல் அவையின்ர வீட்டுக்குத்தான் போகும். காணி உங்கட அக்காவின்ர எண்டு சொல்லிச்சினம். அவவுக்கு அனுப்பேலாது, நீங்கள் குடியுங்கோ."

"கல்லை ஏன் பொறுக்கினனீங்கள்?"

"கீழ கொட்டின மணியைக் கூட்டேக்க கல்லும் வருது. பொறுக்கினால் உங்கட பல்லுக்குத்தான் நல்லம்."

பங்கு கொடுக்கிறவர் காணி தனதென்று சொல்ல முடியாது. கோப்பையை வாங்கினேன். கஞ்சியில் லேசாக உமி வாசம். உப்புக் கொஞ்சம் கூடுதல்.

அக்காவுக்குச் சொன்னேன்.

"பங்கு எண்டே சொன்னவள்?"

"ஓம்."

"அவள் சொன்னதை ஆர் கேட்டது?"

"நான் மட்டும்தான்."

"சாட்சிக்கு நீ ஒராள் காணாது. அடுத்தமுறை கொண்டுவரேக்க முன்வீட்டுக்காரரையும் கூப்பிடு. கோப்பையோட படமும் எடு."

வேலியின் கிழிசலை நான் அடைக்கவில்லை. ஆனால் அடுத்த கதிருக்கு அவர் கஞ்சியோடு வந்தபோது, கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டுதான் படலைக்குப் போனேன்.