இடது விளக்கு, வலது கட்டில்

போன வாரம் என் மனைவி ஸ்டெல்லா எனக்கு ஒரு பரீட்சை வைத்தாள். முப்பது வருஷமாகப் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் நான். ஃபெயில்!

விஷயம் இதுதான். ஸ்டெல்லா, நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். பன்னிரண்டு வருஷம் மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். அவள் வார்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள். நோயாளி பெல்லை அழுத்தினால் நர்ஸ் மேஜையில் உள்ள போர்டில் விளக்கு எரியும். இடது வரிசைக்கு இடது விளக்கு, வலது வரிசைக்கு வலது விளக்கு.

இரண்டு மாதம் முன்பு வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். மேஜை இந்தக் கோடியில் ஆகாது, எதிர்க்கோடிக்குப் போக வேண்டும் என்றார். போயிற்று. போர்டும் கூடவே போயிற்று. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடது வரிசை வலதாகிவிடும் அல்லவா? விளக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை.

போர்டில் நம்பர் இருக்கிறதே, படித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்களா? மேனேஜரும் அதையேதான் சொன்னார்.

திங்கட்கிழமை இடது விளக்கு எரிந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஜெபா இடது பக்கம் ஓடினாள். தப்பு என்று தெரிந்து வலது பக்கம் வருவதற்குள், மூச்சு முட்டிய ஒரு பெரியவர் அரண்டுபோனார். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மகன் புகார் எழுதிவிட்டார். ‘கவனக்குறைவு’ என்று ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டால் ஜெபாவுக்கு வேலை போய்விடும்.

“அவளுக்க குத்தம் இல்ல. நான் போடமாட்டேன்” என்றாள் ஸ்டெல்லா.

“நம்பரைப் படிக்காதது தப்புதானே?” வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்...

“இஞ்ச இரிங்க” என்று எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு டம்ளர் வைத்தாள். “நான் எந்தப் பக்கம் தட்டுகேனோ, அந்தக் கையத் தூக்கணும்.” இது ஒரு வேலையா? டக் டக்கென்று தூக்கினேன்.

“இனி மாத்தி. இடது பக்கம் தட்டுனா வலது கை.”

அவ்வளவுதான். யோசித்து யோசித்துத் தூக்கினேன். அப்படியும் ஆறில் இரண்டு தப்பு.

கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கையும் காலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும். எதிர்ப்பக்கம் போகச் சொன்னால் மூளை முதலில் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிறகு திருப்பிவிட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்ட சங்கதிதான். நாம்தான் அதற்கு ‘கவனக்குறைவு’ என்று பேர் வைத்து மெமோ கொடுக்கிறோம்.

மறுநாள் ஸ்டெல்லா மேனேஜரிடம் போனாள். “அதெல்லாம் பழகிரும் சிஸ்டர்” என்றார் அவர்.

“பழகுத வரைக்கும் நோயாளி மூச்சப் பிடிச்சிட்டு இருப்பாரா சார்? நீங்க ஒருக்க இருந்து பாருங்க.”

மேஜையில் அவரை உட்கார வைத்தாள். ஆள் இல்லாத கட்டில்களில் பெல்லை அழுத்தும்படி மற்ற நர்ஸ்களிடம் சொன்னாள். இரண்டாவது பெல்லிலேயே மேனேஜர் தப்பான பக்கம் எழுந்தார். நான்காவதிலும் அப்படியே. ஐந்தாவதுக்கு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றுவிட்டாராம்! வார்டில் படுத்திருந்தவர்கள் வரைக்கும் சிரித்திருக்கிறார்கள்.

சாயங்காலமே எலக்ட்ரீஷியன் வந்து விளக்குகளை இடம் மாற்றினார். அடுத்த பெல்லுக்கு ஜெபா நேராகப் போய் நின்றாள். அவளுக்கு வேலையும் இருக்கிறது.

ஒரு சின்னப் பெண்ணுக்காக மேலதிகாரி முன்னால் போய் நிற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு வந்திருக்காது. இதைத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். “கெட்டுன பொண்டாட்டியப் பத்தி இம்புட்டுப் பெருமையா?” என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார்.

பின்னே... வாஸ்துக்காரரைப் பற்றியா பெருமைப்பட முடியும்?