சொல்லாமல் துடைத்த எண்ணெய்

ஆயுதபூஜை முடிந்து பட்டறையைத் திறக்கும் நாளில் ஆக்சிஜன் சிலிண்டரின் தலையைக் கழுவுவது கிளாரன்ஸின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து கதவைத் தூக்குவார். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரில் சோப்புத்தூளைக் கரைப்பார். ரெகுலேட்டரைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் மரை இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். சிலிண்டரின் வாயை வெள்ளைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். துணியில் மினுமினுப்பு தெரிந்தால் மறுபடியும் தேய்ப்பு. எல்லாம் வெயிலில் காய்ந்த பிறகு, பூஜைத் தட்டில் மிஞ்சியிருக்கும் குங்குமத்தைத் தொட்டு, சிலிண்டரின் தோளில் முன்பு இருந்த இடத்திலேயே முன்பு இருந்த அளவிலேயே ஒரு பொட்டு வைப்பார்.

"சர்ச்சு ஐயருக்குத் தெரிஞ்சா, ஞாயித்துக்கெழம உங்கள எழுந்து நின்னு சாட்சி சொல்லச் சொல்லுவாரு" என்பாள் அவர் மனைவி ஜூடித்.

"பொட்டு எனக்கா வெச்சேன்? சிலிண்டருக்குத்தான."

ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் அந்த வெல்டிங் பட்டறை திலீப்புடையது. திலீப் ஆர்க் வெல்டிங் செய்வான், கிரில் போடுவான், வெளியூர் சைட்டுகளுக்குப் போவான். கேஸ் கட்டிங் முழுக்கக் கிளாரன்ஸ். ஆர்டர் எடுப்பது, சாமான் வாங்குவது, வந்தவர்களிடம் பேரம் பேசுவது எல்லாம் திலீப்பின் மனைவி ஷோபா. ஆயுதபூஜையும் அவளுடைய பொறுப்புதான். அவள் அப்பா தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலையில் இருந்தவர். ஆட்கள் போகும் கூண்டைச் சுரங்கக் குழியில் இறக்கி ஏற்றும் அந்தப் பெரிய எஞ்சினைப் பூஜைக்கு முன்தினம் முகம் தெரியும் அளவுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்களாம். எண்ணெய் காணாத மிஷின் எழவு விழுந்த வீடு மாதிரி என்பது அவர் சொல். ஷோபா அதை அப்படியே பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பூஜைக்கு முன்தினம் எல்லா மிஷினுக்கும் எண்ணெய்க் குளியல். டிரில்லிங் மிஷின், கிரைண்டர், வைஸ், சுத்தியல், கடைசியாக ஆக்சிஜன் சிலிண்டர். திறக்கும் சாவி போடும் இடம், ரெகுலேட்டர், மீட்டர் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம் எதையும் விடமாட்டாள்.

மற்ற மிஷினுக்கெல்லாம் எண்ணெய் நல்லதுதான். ஆக்சிஜனுக்கு மட்டும் ஆகாது. சிலிண்டருக்குள் அழுத்தி அடைத்த ஆக்சிஜன் சீறி வரும் வழியில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தால் போதும், தீக்குச்சியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும். கேஸ் கட்டர் பிடிக்கிறவன் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

கிளாரன்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அதைச் சொல்லத்தான் செய்தார்.

"ஷோபாம்மா, இதும்மேல மட்டும் எண்ண படக்கூடாது."

ஷோபா துணியைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். "ஏண்ணா, இது மட்டும் வேதக்காரங்க வீட்டு சிலிண்டரா?"

பூவும் பொரியும் கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். திலீப் சிரித்தான். கிளாரன்ஸும் சிரித்தார். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் முதல் தட்டு பிரியாணி சாப்பிடுகிறவள் அவள். ஆனாலும், ஒரு வேதக்காரன் பூஜையில் குறுக்கே பேசினான் என்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த வேலைநாள் வெந்நீரோடு சீக்கிரம் வந்தார். அப்புறம் வருடாவருடம் அதுவே வழக்கம்.

அவர் சுபாவமே அப்படி. பாலகாட் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும் இடத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்படிப்பட்ட இடத்தில் நாக்கை அடக்கியவன்தான் நல்லவன். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் பழகி முடிக்கும் நேரத்தில் சுரங்கத்தையே மூடினார்கள். பிறகு பெங்களூர். இருட்டோடு எழுந்து, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் தூங்கி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிழைப்பு. மகள் மரியா ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்த்து, "அப்பா இன்னிக்கு லீவா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்பாள். திலீப் கூப்பிட்டபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் உடனே வந்தார். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவது அவருக்கு இன்னும் பழகிப்போகாத சுகம்.

பட்டறையில் அவரை விடக் கவனமான ஆள் கிடையாது. ஹோல்டரில் ராடு வைத்துப் பொறி தட்டுவதற்கு முன் "கண்ணு" என்று குரல் கொடுப்பார், தெருவில் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று. பொறி பட்டால் உருகி உடம்பில் ஒட்டும் டெரிகாட்டன் சட்டை போடமாட்டார். பெயிண்டுக்கு வாங்கிய தின்னர் டப்பாவை யாராவது வேலை நடக்கும் இடத்தில் வைத்தால், எடுத்து வெளியே வைத்துவிட்டு வருவார். வைத்தது யார் என்று கேட்கமாட்டார். கேபிளில் தோல் உரிந்திருந்தால் டேப் சுற்றுவார். சுற்றியதைச் சொல்லமாட்டார். "கிளாரன்ஸண்ணா இருந்தா பட்டறையில ஒண்ணியும் ஆவாது" என்று திலீப் எல்லாரிடமும் சொல்வான். ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு என்ன நடக்கிறது என்று அவன் யோசித்ததில்லை.

இந்த வருடம் பூஜையன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து மருமகன் போன் செய்தான். மரியாவுக்கு வலி கண்டுவிட்டது, சொன்ன தேதிக்கு முன்பாகவே. ஜூடித் அழுதுகொண்டே பை கட்டினாள். இருவரும் பங்காருபேட்டை போய்க் கிடைத்த ரயிலில் ஏறினார்கள்.

ரயில் கிளம்பிய பிறகுதான் கிளாரன்ஸுக்குச் சிலிண்டர் ஞாபகம் வந்தது. போனை எடுத்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"இன்னா யோசன?" என்றாள் ஜூடித்.

"எண்ண இன்னும் அப்பிடியே கீது."

"போன் பண்ணி சொல்லிடுங்களேன்."

"இன்னான்னு சொல்றது? இத்தினி வருசமா உன் பூஜைய நான் கழுவி ஊத்திக்கினு கீறேன்னா?"

"எண்ணையத்தான கழுவனீங்க."

அவளுக்கு அது எண்ணெய்தான். ஷோபாவுக்கு அப்படி இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. நல்ல நாளும் அதுவுமாக, அதுவும் போனில். கடைசியில் திலீப்பைக் கூப்பிட்டார். பேத்தியோ பேரனோ பிறக்கப்போகிற செய்தியைச் சொன்னார். திலீப் சந்தோஷப்பட்டான்.

"தம்பி, நான் வர்ற வரிக்கும் கேஸ் வேல எதுவும் வேணாம்."

"சரிண்ணா. நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

ஏன் என்று திலீப் கேட்கவில்லை. ஏன் என்று இவரும் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தன் கேஸ் கட்டரை இன்னொருவன் தொடுவது பிடிக்காது போல என்று திலீப் நினைத்துக்கொண்டான். பேத்தி பிறந்தாள். கிளாரன்ஸ் அவளைத் தூக்கும்போது தன் சொரசொரப்பான விரல் படாமல் துணியோடு சேர்த்துத் தூக்கினார்.

பட்டறை திறந்த அன்று பூதிகோட்டையிலிருந்து ராஜப்பா என்கிற விவசாயி டிராக்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். கொக்கி மாட்டும் இரும்பு வளைந்துவிட்டது, வெட்டி எடுத்துப் புதிது வைக்கவேண்டும். தக்காளி பறித்து வைத்திருக்கிறது, மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். கிரைண்டரில் அறுத்தால் மத்தியானம் தாண்டிவிடும். இதற்குப் போய் அண்ணனை எதற்குக் கேட்பது என்று திலீப் சிலிண்டருக்கு நேர் எதிரே நின்று சாவியைப் போட்டு, ஒரே திருப்பாகத் திருப்பினான்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை என்று ராஜப்பா பிறகு சொன்னார். ரெகுலேட்டர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். திலீப்பைப் பின்னால் இழுத்துத் தள்ளி, நனைந்த கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு சாவியை மூடியவர் அவர்தான். திலீப்பின் வலது உள்ளங்கையும் முழங்கை வரை தோலும் வெந்துபோயின. தாடையில் கொஞ்சம். கண் தப்பியது.

கருகிய ரெகுலேட்டரைப் பார்க்க வந்த கேஸ் ஏஜென்சி ஆள் சிலிண்டரின் கழுத்தை விரலால் தொட்டு முகர்ந்தான். "இதுக்கு யார்ரீ எண்ண போட்டது?" என்றான். கன்னடமும் தமிழும் கலந்து அவன் ஆக்சிஜனையும் எண்ணெயையும் பற்றிச் சொன்னதை ஷோபா நின்றபடியே கேட்டாள். அப்படியானால் இத்தனை வருடம் ஏன் பற்றவில்லை என்று அவனிடம் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரி ஆஸ்பத்திரியில் திலீப்பின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, முதல் வருடம் கிளாரன்ஸ் சொன்னது ஞாபகம் வந்து அவளுக்கே தெரிந்தது.

திலீப் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலை கிளாரன்ஸ் பார்க்க வந்தார். பெங்களூரில் செய்தி கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வேலை போய்விடும், திரும்பவும் அந்த ரயில்தான் என்று ஜூடித்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். இந்த வயதில் பெங்களூரில் யார் வேலை கொடுப்பார்கள் என்று அவள் கேட்டாள்.

திலீப் கட்டிலில் தலையணையில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்திருந்தான். ஷோபா ஒரு தட்டில் இட்லி வைத்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா" என்றான் திலீப். "பேத்தி எப்பிடி கீறா?"

"நல்லா கீறா தம்பி." கிளாரன்ஸ் உட்காரவில்லை. "தப்பு எம்பேர்லதான். நான் சொல்லியிருக்கணும்."

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களே. நான்தான் கேக்கல. உக்காருங்கண்ணா."

ஷோபா இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டாள். நிமிரவில்லை. "வருசாவருசம் நீங்கதான் தொடச்சீங்களா?"

"ஆமாம்மா."

"பொட்டு?"

"அதுவும்."

"நான் பாத்து சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன், இந்த சிலிண்டருல மட்டும் பொட்டு அழியறதே இல்லன்னு." அவள் குரல் உயரவில்லை. "மொத வருசம் நான் ஏதோ கிண்டல் பண்ணேன், இல்ல?"

"அது ஒண்ணியும் இல்லம்மா. வெளையாட்டுக்குச் சொன்னது."

"வெளையாட்டா இருந்தா ரெண்டாவது வருசமும் சொல்லியிருப்பீங்க." திலீப்பின் வாயில் இட்லியை வைத்தாள். "நான் கோச்சிக்கினு இருப்பேன். ஒரு வாரம் மூஞ்சி தூக்கி வெச்சிக்கினு இருப்பேன். அவ்ளோதானண்ணா. இவர் கை நல்லா இருந்திருக்கும்."

"விடு ஷோபா" என்றான் திலீப், மென்றுகொண்டே. "அண்ணா, பட்டற மூடிக் கெடக்குது. ராஜப்பா வண்டி இன்னும் அங்கியே நிக்குது. கெழம பாக்காம நாளைக்கே தொறந்துடுங்க. நீங்க இல்லன்னா முடியாது."

தட்டில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. ஷோபா அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"தொறக்கலாம். நானும் வேணாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு தொறங்க. எங்க மனசு நோவக்கூடாதுன்னு இன்னும் எத எத சொல்லாம வெச்சிக்கினு கீறீங்க?"

திலீப் சிரித்தான். "இன்னாத்த வெச்சிக்கினு இருப்பாரு?"

கிளாரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி முடிவதற்கு முன்பே அவர் மனம் நர்சரிப் பள்ளி மாடிக்குப் போய்விட்டது. அங்கே கைப்பிடிக் கம்பி வைத்தது திலீப். மேலே தேய்த்துப் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாகக் கொடுத்திருந்தான். உள்ளே வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாட்ச்மேனிடம் சாவி வாங்கிப் போய் அவர் பாதியைத் திரும்ப வெல்டிங் வைத்தார். மீதிப் பாதியைப் பள்ளி லீவில் வைக்கலாம் என்று விட்டிருந்தார். குழந்தைகள் இப்போது தினமும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கட்டுப் போட்ட கையோடு கிடக்கிறவனிடம், அவன் மனைவிக்கு முன்னால், உன் வேலை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் தனியாகப் போய் முடித்துவிடலாம். யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

அப்படி நினைத்ததும் அவருக்கே உள்ளுக்குள் ஒரு திடுக்கிடல் ஏற்பட்டது. வாயைத் திறந்தார். திலீப் அவரையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். தாடையில் புதுத் தோல் சிவப்பாக இழுத்துப் பிடித்திருந்தது.

ஷோபா காத்திருந்தாள். தெருவில் காய்கறி வண்டிக்காரன் வந்து, கூவி, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தான். அவள் எழுந்தாள். திலீப்பின் வாயோரத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். தட்டையும் தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு, கிளாரன்ஸைக் கடந்து, சமையலறைக்குப் போனாள்.