போணிக்கு முந்திய கேள்வி

கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பூரி வாசனையைப் பிடித்துக்கொண்டே செண்பகத்தின் கடைக்கு வந்துவிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கடைக்கு மாவு பிசைகிறவள் அவள்தான். எண்ணெய்ச் சட்டியும் கல்லாவும் கணவர் பெரியசாமிக்கு. பிசைவதும் அரைப்பதும் கழுவுவதும் இவளுக்கு. என்ன பங்கீடு இது என்று யாராவது கேட்டால் பெரியசாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு மார்கழியில் அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை ஊறவைத்துத்தான் அடுப்படிக்கே போக முடியும். திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஆர்த்தி என்கிற நர்ஸ் அவளுடைய போனில் ஒரு ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தாள்.

"உங்க கைய நீங்களே கவனிச்சுக்கலாம்க்கா. தெனம் காலைல ஆறு மணிக்கு அது கேக்கும். சிரிக்கிறதுலேர்ந்து அழுவுறது வரைக்கும் அஞ்சு மூஞ்சி இருக்கும். வலிக்கு ஏத்த மூஞ்சிய அமுக்குங்க. டாக்டர் இங்கேர்ந்தே பாத்துப்பாரு."

மறுநாள் கடையில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தபோது போன் கூவியது. கையில் உயிர் போகிற வலி. செண்பகம் உள்ளதை உள்ளபடி, அழுகிற முகத்தை அமுக்கினாள். பெரியசாமி எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னும் போணியே ஆவல. அதுக்குள்ள அழுவுற மூஞ்சிய அமுக்கிக்கினு கீறியே, கடை வெளங்குமா?"

அன்றைக்கென்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெகுநேரம் வரை கடைக்கு ஈ காக்கா வரவில்லை. பிசைந்த மாவு முக்கால்வாசி வீண். பழி யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டுமா! அதைச் செண்பகமும் நம்பியதுதான் கொடுமை. முதல் வியாபாரம் ஆகும்வரை வாயிலிருந்து ஒரு 'அம்மா' கூட வராமல் பார்த்துக்கொள்கிறவள் அவள்.

அதிலிருந்து தினமும் சிரிக்கிற முகம்தான். போணி ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பாழாய்ப்போன அந்த ஆப்புக்குப் பொறுமை கிடையாது. பதில் சொல்கிறவரை கத்திக்கொண்டே இருக்கும். அமுக்கியதும் ஒரு பூ விரிந்து 'வாழ்த்துகள்' என்று வரும். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மாவில் கை வைப்பாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சூப்பரா இருக்கேம்மா! நல்ல முன்னேற்றம்."

"இல்லங்க, காலைல மட்டும் கொஞ்சம்..." என்று செண்பகம் இழுத்தாள்.

"அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த கையை அந்த மனுஷர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் செண்பகம் திரும்பி வரும்போது பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வருஷம் திரும்புவதற்குள் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மாவு உருண்டை கையில் நிற்கவில்லை. பெரியசாமி வானூரிலிருந்து ஒரு மாஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார். பூரி பழைய மாதிரி இல்லையே என்று வருகிறவர்கள் சொன்னபோது, செண்பகம் அடுத்த மேஜைக்கு இலை போடப் போனாள்.

அப்போதுதான் ஆர்த்தி போன் செய்தாள். "ஒருநாள்கூட விடாம பதில் சொன்னது நீங்கதான்க்கா. உங்க போட்டோவ ஆஸ்பத்திரில பெருசா மாட்டப் போறோம், வாங்க."

இந்தத் தடவை எப்படியும் கையைக் காட்டிவிடுவது என்ற முடிவோடு செண்பகம் போனாள். போட்டோ எடுப்பவர் அவளைச் சுவரோரம் நிறுத்தி, "வணக்கம் சொல்ற மாதிரி நில்லுங்கம்மா" என்றார்.

செண்பகம் கைகளைத் தூக்கினாள். உள்ளங்கைகள் ஒட்டவில்லை. விரல்கள் ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றன.

ஆர்த்தியின் முகம் வெளிறிவிட்டது. "அக்கா... தெனமும் சிரிக்கிற மூஞ்சிதானே போட்டீங்க?"

"போணிக்கு முன்னாடி கேட்டா வேற இன்னாம்மா சொல்லுவாங்க?"

போட்டோ எடுப்பவருக்கு வேறு வேலை இருந்தது.

"கை வேணாங்க, முகம் மட்டும் போதும். எங்க, கொஞ்சம் சிரிங்க."

செண்பகம் சிரித்தாள்.