பூட்டிய வீட்டு நாய்கள்

போன சனிக்கிழமை காலை எங்கள் வரதோலி பார்க்கில் ஒரு கூட்டம். துப்பாக்கி முனையில் ஆட்சி பிடுங்கப்பட்டு, எங்கள் தீவு நாடு இன்னும் அடங்காத சமயம். ஆனால் கூட்டம் அதைப் பற்றி அல்ல... நாய்களைப் பற்றி.

சிரிக்காதீர்கள்.

எங்கள் பா டவுனில் இப்போது இந்திய வம்சத்தார் யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கடையில், பஸ்ஸில், சர்க்கரை மில் வாசலில் எங்கே பார்த்தாலும் ஒரே விசாரிப்புதான் — "பேப்பர் வந்துச்சா?" ஆக்லாந்துக்கோ சிட்னிக்கோ விசா பேப்பர். வந்தவர்கள் கட்டிலை விற்கிறார்கள். பீரோவைத் தங்கைக்குக் கொடுக்கிறார்கள். வீட்டைப் பூட்டுகிறார்கள். நாயை?

கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் தெருவில் லட்சுமி அக்கா இருக்கிறார். நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, மகன் பிரிஸ்பேனில். அப்படி விடப்பட்ட நாய்கள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, கழுத்தில் பட்டை கட்டி, தினமும் பார்க்குக்கு அழைத்துப் போவார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை — யூசுப்பின் மகளை நாய் கடிக்கும் வரை.

யூசுப் ரக்கிரக்கி லைனில் பஸ் ஓட்டுகிறார். மகள் ஷமீமா சின்னப் பெண். பக்கத்து நாயுடு வீட்டுப் பெண்ணோடுதான் எப்போதும் விளையாட்டு. நாயுடு குடும்பம் ஆக்லாந்து போனபின், அவர்களுடைய நாய் ரெக்ஸ் பூட்டிய கேட்டிலேயே கிடந்தது. பட்டினி. ஷமீமா பழைய சிநேகிதத்தில் ரொட்டி கொண்டுபோய்ப் போட்டு, தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். கையைக் கவ்விவிட்டது. தையல் போடும்படி ஆகிவிட்டது.

யூசுப் கட்டையோடு வந்து தேடியபோது ரெக்ஸ் அங்கே இல்லை. லட்சுமி அக்கா வீட்டில் மூன்றாவதாகச் சேர்ந்துவிட்டிருந்தது.

சில நாட்களில் பார்க் கேட்டில் கமிட்டி ஒரு போர்டு மாட்டியது: 'நாய்களுக்கு அனுமதி இல்லை.' அக்கா நின்று படித்தார். மூன்றையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குத்தான் கூட்டம்.

யூசுப் முதலில் பேசினார். சத்தம் போடவில்லை. எங்கேயாவது நாய் குரைத்தால் போதும், மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாளாம். வாசலுக்கே வருவதில்லையாம். அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் அக்காவைப் பார்த்து, உங்கள் நாய்களை உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அக்கா எழுந்தார். எங்கள் கூட்டமெல்லாம் ஹிந்தியில்தான் நடக்கும். கோபம் வந்தால் மட்டும் அக்காவுக்குத் தமிழ் வந்துவிடும்.

"என் நாயா? அந்தா கேட்டுல கட்டியிருக்கு பாரு, அது நாயுடு வூட்டு நாய். பக்கத்துல இருக்கறது பிள்ளை வூட்டு நாய். கருப்பு, மாஸ்டர் வூட்டுது. எனக்கு ஏது நாய்? நீங்க வுட்டுட்டுப் போறதத்தான் நான் கட்டி வெச்சிருக்கேன். இன்னும் யார் யார் வூட்டுது வரப்போவுதுன்னு இப்பவே சொல்லிடுங்க. கயிறு வாங்கணும்."

தமிழ் புரியாத இளவட்டங்களுக்குக்கூட அது புரிந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் பேப்பருக்குக் காத்திருப்பவர்கள். தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

யூசுப் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, உங்களுக்கும் விசா வந்துடுச்சுன்னு சொல்றாங்களே... நீங்க போயிட்டா?"

அது எனக்குத் தெரியாது. அக்கா கேட்டில் கட்டியிருந்த மூன்றையும் கையால் காட்டினார்.

"வந்துச்சு தம்பி. எடுத்து பீரோவுக்குள்ள வெச்சுட்டேன். இதுங்கள யார்கிட்ட வுட்டுட்டுப் போறது?"

யூசுப் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "மத்த ரெண்டையும் கூட்டிட்டு வாங்க. அந்த ஒண்ணு மட்டும் என் பொண்ணு கண்ணுல படக் கூடாது" என்றார்.

"சரி" என்றார் அக்கா. அவ்வளவுதான். போர்டில் பெயிண்டால் ஒரு வரி சேர்ந்தது: கயிற்றோடு, பிள்ளைகள் விளையாட வருவதற்கு முன்னால் வரலாம்.

இப்போது அக்காவுக்குக் காலையில் இரட்டை நடை. இரண்டையும் பார்க்கில் சுற்றிவிட்டு வீட்டில் கட்டுகிறார். பிறகு ரெக்ஸை மட்டும் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் ரயில் பாதை ஓரமாகக் கூட்டிப் போகிறார். முழங்கால் வலி வேறு. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "கடிச்சுதுதான். அதுக்காக அது நடக்க வேணாமா?" என்றார்.

நாடு கலைவதை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெருவில் நாய்கள் கூடியபோதுதான் புரிந்துகொண்டேன்.

கூட்டத்தில் நடந்ததை வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டே இருந்தவள், வாசலில் படுத்திருந்த எங்கள் ஜிம்மியைப் பார்த்தாள். "நம்ம பேப்பர் வந்தா?" என்றாள்.

இந்த வாரம் நான் போஸ்ட் ஆபீஸ் பக்கமே போகவில்லை.