சர்வர் வேலை செய்யாத கோடை

அந்த வங்கிக் கிளைக்குள் நுழைய இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். தெருப் பக்கம் ஒன்று, உள் பக்கம் ஒன்று, இரண்டும் தடித்த கண்ணாடி. முதல் கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும். நடுவில் இரண்டு பேர் நெருக்கியடித்து நிற்க இடம். கொள்ளைக்காரனைப் பிடிக்கச் செய்த ஏற்பாடாம். இதுவரை ஒரு கொள்ளைக்காரனும் மாட்டவில்லை. கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண்தான் தினமும் காலையில் அதற்குள் நின்று, உள்கதவு மனம் இரங்கும்வரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு வங்கி மேல் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. அப்பா அந்த வங்கியின் வட்டாரத் தலைவருக்குக் கார் ஓட்டுகிறவர். தலைவரின் அழைப்பை முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இடது கையால் எடுப்பார். தனக்கென்று எதுவும் கேட்டறியாத அந்த மனிதர், மகளுக்காக ஒருநாள் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்துவிட்டார்.

"கேட்ட உடனே சரின்னுட்டாரு பாப்பா. நம்ம பேரு கெடாம பாத்துக்க, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அடையாள அட்டையோடு சேர்ந்து அவள் கழுத்தில் தொங்கியது.

வாசலை ஒட்டிய விசாரணை மேசையில் அவளை உட்காரவைத்தார்கள். மேலாளர் குரலை உயர்த்தாத மனிதர். மாதக் கடைசி நெருங்கியதும் ஒருநாள் மேசையருகே வந்து, பேனாவைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"பெரிய டெபாசிட்டை முடிச்சுப் பணம் கேட்டு யாராவது வந்தா, சர்வர் வேலை செய்யலன்னு சொல்லிடும்மா. இந்த மாசம் தாண்டட்டும்."

"சர்வர் நல்லாத்தானே இருக்கு சார்?"

"இருக்கு. நாமளும் நல்லா இருக்கணும்ல?"

அவர் போன பிறகு காசாளர் அக்கா கூண்டுக்குள்ளிருந்து விளக்கம் சொன்னாள். "மாசக் கடைசியில மேலிடத்துல எட்டிப் பாப்பாங்க. அன்னைக்குக் குடம் ரொம்பி இருக்கணும். மறுநாள் கவுந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

"அதை ஏன்க்கா நான் சொல்லணும்?"

"நாங்க சொன்னா சட்டையைப் பிடிப்பாங்க. உன் மூஞ்சியைப் பாத்தா, பாவம் சின்னப் பொண்ணுன்னு போயிடுவாங்க. அந்த மேசைக்கு வேற என்ன தகுதி வேணும்?"

அக்கா சொன்னது போலவே நடந்தது. வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், போனார்கள். வங்கிக்குப் பின்தெருவில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா மட்டும் தன் டெபாசிட்டைக் கேட்டு விடாமல் வந்தாள். கழுத்தில் அளவு நாடா, ரவிக்கையில் குத்திய ஊசி, அப்படியே வந்து நிற்பாள்.

"இன்னைக்குமா கண்ணு? எங்க மெஷினும் இப்படித்தான் திடீர்னு மக்கர் பண்ணும். எண்ணெய் விட்டுப் பாத்தாங்களா?"

"விட்டாங்கம்மா," என்றாள் அவள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

கூண்டுக்குள் காசாளர் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள். அன்று முழுக்கக் கிளையில் அதே பேச்சு. பயிற்சிப் பெண் மட்டும் அன்றைக்குச் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீட்டில் அப்பா, "இன்னைக்கு என்ன வேலை கத்துக்கிட்டே?" என்று ஆசையாகக் கேட்டபோது, "வாடிக்கையாளர் சேவை" என்றாள்.

மறுநாள் மேலாளருக்கு டீ வாங்கிக்கொண்டு ஃபிளாஸ்க்கோடு திரும்பினாள். பின்னாலேயே தையல்காரம்மாவும் நுழைந்தாள். வெளிக்கதவு மூடியது, மின்சாரம் போய் வந்தது, அவ்வளவுதான்: இரண்டு கதவும் இறுகிக்கொண்டன. காவலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, சாவி மேலாளர் அறையில் என்று கையால் அபிநயம் பிடித்தார். மேலாளர் ஃபோனில் இருந்தார். கிளை மொத்தமும் வேலையை விட்டு இவர்களை வேடிக்கை பார்த்தது. அந்தக் கண்ணாடியில் ஆள் தெரியும், சத்தம் போகாது.

"தொட்டி மீனு மாதிரி ஆக்கிட்டாங்களே நம்மளை," என்று சிரித்த தையல்காரம்மா, சற்று நேரத்தில் தானாகவே பேசினாள். "கடை ஓனரு கடையை விக்கிறாரு கண்ணு. நாளைக்குள்ள முன்பணம் குடுத்தா எனக்கு. இல்லன்னா பக்கத்துக் கடைக்காரன் வாங்கிடுவான், நான் மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உன்னைக் குத்தம் சொல்லல. மெஷினு கெட்டா நீ என்ன பண்ணுவே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஃபிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். வாய் அசைவது உள்ளே தெரியாதபடி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, எதுவும் கெடல. மாசக் கடைசி வரைக்கும் பணத்தை வெளிய விடக் கூடாதுன்னு என்னை அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

"எண்ணெய் விட்டாங்கன்னியே."

"சொன்னேன்."

தையல்காரம்மா நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நேரா மேனேஜர் ரூமுக்குப் போங்கம்மா. இன்னைக்கே முடிச்சுக் குடுங்க, முடியலன்னா ஏன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேளுங்க. எழுதிக் குடுக்க மாட்டாங்க."

"உனக்கு ஒண்ணும் வராதே?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்துகொண்டது.

சாயங்காலத்துக்குள் தையல்காரம்மாவுக்குப் பணம் கிடைத்தது. மேலாளர் பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டு, "உள்ள மாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?" என்று கேட்டார்.

"தையலைப் பத்தி சார்."

"அப்படியா. நாளையிலேர்ந்து பின்னாடி ரூம்ல பழைய கோப்பெல்லாம் அடுக்கும்மா."

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. மிச்சக் கோடை அங்கேயே கழிந்தது. சீட்டைக் கிழித்து அனுப்புவார்கள், அப்பா தலைகுனிந்து நிற்பார் என்று தினமும் பயந்தாள். கடைசி நாளில் நடந்ததோ வேறு. படிப்பு முடிந்ததும் இதே கிளையில் வேலை என்று மேலாளர் தலைவரிடமே சொல்லிவிட்டாராம்.

"ஏன்க்கா?" என்று காசாளர் அக்காவிடம் கேட்டாள்.

"வெளிய விட்டா நீ பேசுவே. உள்ள இருந்தா சம்பளம் பேச விடாது." அக்கா நோட்டுக்கட்டில் ரப்பர் மாட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கும் இப்படித்தான் வேலை கிடைச்சுது."

அப்பாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. நல்ல துணியாக எடுத்துக்கொண்டு, காவலாளி சொன்ன கடை என்று அவளை வங்கிக்குப் பின்தெருவுக்கே அழைத்துப் போனார். தையல்காரம்மா அவளை அடையாளம் கண்டும் காணாதவள் போல நாடாவை உருவினாள்.

"பேங்க்ல வேலை கிடைச்சிருக்கு. கோட்டு நல்லா விறைப்பா இருக்கணும்மா," என்றார் அப்பா.

"எந்த பேங்க்கு?"

"இதோ, முன்னாடி இருக்கிறதுதான்."

நாடா அவள் மார்பைச் சுற்றி வந்து ஒரு நொடி நின்றது. "மூச்சை விடு கண்ணு. பிடிச்சு வெச்சிருந்தா அளவு தப்பாப் போயிடும்."

அவள் விட்டாள். கூடவே வார்த்தையும் வந்துவிட்டது.

"அப்பா, அங்க என்னைப் பொய் சொல்லத்தான் உக்கார வெச்சிருந்தாங்க. இவங்ககிட்டயும் தினம் சொன்னேன். இவங்க கடையே போயிருக்கும்."

அப்பா தையல்காரம்மாவைப் பார்த்தார். அவள் இல்லையென்று சொல்லவில்லை.

"தலைவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேனே பாப்பா," என்றார், குரல் வழக்கத்தைவிடத் தணிந்து.

தையல்காரம்மா துணியை மேசையில் விரித்து, சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தாள். "என்னங்க, வெட்டட்டுங்களா?"

அப்போது பார்த்து அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. தலைவர்தான், அந்த மணி அவருக்கு மட்டும் வைத்தது. அப்பா எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெட்டாதீங்கம்மா," என்றார்.

பிறகு ஃபோனைக் காதில் வைத்து, "இதோ வந்துட்டேன் சார்," என்று படியிறங்கினார்.