வரைபடத்தில் இல்லாத நீல ஒயர்

எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூடுதல் இரண்டும் என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஐந்து பேரும் இன்று யாரிடமும் கை நீட்டாமல் சாப்பிடுகிறார்கள். இதை முதலில் எழுதச் சொன்னேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை ஐயோ பாவம் என்று சொல்லிவிடக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். புத்தகத் தமிழில்தான் எழுதுவேன் என்று அடம். எழுதட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு டி.வி. கம்பெனியில் பதினாறு வருடம் சால்டரிங் வேலை பார்த்தேன். ராயபுரத்தில் பஸ் ஏறினால், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் புடவைத் தலைப்பு கறுத்துவிடும். உள்ளே போனால் ஈயப் புகை. நீள பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பச்சைப் பலகையில் சின்னச் சின்ன சாமான்களைச் செருகி, கவிழ்த்து, அவற்றின் கம்பிக் காலில் ஈயம் வைக்க வேண்டும். சாமான்களுக்கு இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்களுக்கு வாயில் நுழையாது. இரண்டு பக்கமும் கால் வரிசை உள்ள கறுப்புத் துண்டைப் பூரான் என்போம். மூன்று கால் உள்ளதை முக்காலி என்போம். பெயர் தெரியாமல் வைத்தாலும் என் கையில் ஒரு கால்கூட ஆடாது.

ஒரு சமயம் அந்தக் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் செய்தது. டைப் மிஷின் மாதிரி ஒரு பெட்டி. அதன் ஒயரை டி.வி.யில் குத்தித் தட்டினால் டி.வி.யிலேயே எழுத்து வரும் என்றார்கள். என்றார்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். டெஸ்டிங் ரூம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. உள்ளே ஏசி. ஆபீசர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றினாலும் போக முடியாது.

அதை வரைந்தவர் ஒரு இளவயது இன்ஜினீயர் சார். அச்சடித்த பலகைகள் முதல் தடவை வந்ததும் நாங்கள் ஈயம் வைத்து அனுப்பினோம். அத்தனையும் திரும்பி வந்தன. ஒன்றிலும் படம் வரவில்லை, டி.வி. இருட்டாகவே இருந்ததாம். சார் எங்கள் பெஞ்சுக்கு வந்து பலகை பலகையாகப் புரட்டினார். சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

என் பெஞ்சு முனையில் சார் கையால் செய்த மாதிரிப் பலகை ஒன்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் வைப்போம். அதில் ஒரு ஒயர் ஓடியது. அச்சடித்த பலகையில் அந்த இடத்தில் செம்புக்கோடு இல்லை. ஒரு ஓட்டையிலிருந்து கிளம்ப வேண்டிய கோடு கிளம்பவே இல்லை. நான் எழுந்துபோய் விரலை வைத்துக் காட்டினேன்.

சார் முகம் செத்துவிட்டது. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“ஏம்மா, இது முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். இப்பதான் கல்யாணம் ஆகியிருக்கு.”

“அதுக்கு நான் இன்னா சார் பண்றது? பொண்ணு பாக்கப் போனப்பவே சொல்லியிர்க்கணும் நீ.”

பக்கத்தில் இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சாரும் சிரித்துவிட்டார். பாவமாக இருந்தது. ஒரு துண்டு நீல ஒயரை வெட்டி, இல்லாத கோடு இருக்க வேண்டிய இடத்தில் நானே பத்தவைத்தேன். யாராவது புரட்டிப் பார்த்தால் தெரியாமல் இருக்க, மேலே கறுப்பு டேப் ஒட்டினேன். டெஸ்டிங் ரூமுக்குப் போன பலகை திரும்பி வரவில்லை, படம் வந்துவிட்டதாம்.

அன்றிலிருந்து அந்த பெஞ்சில் அது வழக்கம் ஆகிவிட்டது. நீல ஒயர், கறுப்பு டேப். புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் நாளே அதுதான் பாடம். டிராயிங்கில் காணோமே என்று ஒருத்தி கேட்டாள். “டிராயிங் அவரு கையி, ஒயரு நம்ம கையி. மூடிகினு வையி” என்றேன். டிராயிங்கைத் திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று மேலே கேட்பார்கள். அதனால் அவர் திருத்தவே இல்லை. நாங்களும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த சூப்பர்வைசர் நீதான் என்று சார் எனக்குச் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். லிஸ்ட் வந்தபோது வெளியிலிருந்து வந்த ஒரு ஆளின் பெயர் இருந்தது. போய் நின்றேன்.

“உனக்குப் படிப்பில்லையேம்மா. நான் எழுதிக் குடுத்தா மேல என்னைக் கேப்பாங்க.”

“படிப்பில்லன்னு அன்னிக்கித் தெரியலையா சார்?” என்றேன். அவர் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் முன்னால் போய் நான் எதற்கும் நின்றதில்லை. சில வருடத்தில் கம்பெனி கேட்டில் பூட்டு தொங்கியது.

இனி என் கடைசி மகன் கதை. நான் பெற்றவன். இன்ஜினீயரிங் படித்து, ஏசி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயதில் தினமும் கேட்பான், “அம்மா, நீ செய்ற கம்ப்யூட்டர ஒரு நாள் எட்த்துனு வாயேன்” என்று. எங்கிருந்து எடுத்து வர? அந்த ஆசை அவனுக்குள் அப்படியே தங்கிவிட்டது போலிருக்கிறது. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் போயிருக்கும். பழைய கம்ப்யூட்டர்களைத் திரும்பச் செய்து பார்க்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்தான். எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரையே அச்சு அசலாகச் செய்கிறேன் என்று கிளம்பினான். எப்படியோ அந்த சாரைக் கண்டுபிடித்து, அவர் பத்திரமாக வைத்திருந்த டிராயிங்கை வாங்கிவந்து பலகை அச்சடித்துவிட்டான். ஒரு காலேஜ் ஹாலில் கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமை. சார்தான் தலைமை.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ரூமில் பழைய கறுப்பு வெள்ளை டி.வி.யை வைத்துக்கொண்டு மூன்று வாரம் கிடந்தான். படம் வரவில்லை. கரண்டு சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தான். பூரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேறு போட்டான். டி.வி.யையும் மாற்றினான். அலை அலையாகக் கோடு காட்டும் மிஷின் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி வந்தான். அதில் கோடு ஆடியது. டி.வி. இருட்டாகவே இருந்தது.

ஒரு நாள் டீ எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

“கிட்ட வராதம்மா. கையில ஸ்டாடிக் கரண்டு இருக்கும், தொட்டா போர்டு கெட்டுப் பூடும். அதெல்லாம் உனக்குப் புரியாது.”

பதினாறு வருடம் பலகையைத் தொட்டவளிடம் சொல்கிறான். நான் டம்ளரைத் தரையில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், பலகை கவிழ்ந்து கிடந்தது. முதுகு வழுவழுவென்று இருந்தது. நீல ஒயர் இல்லை.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்குப் புரியாது என்று சொன்ன வாய் கேட்கட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன். அது என் திமிர், இருக்கட்டும். நாலு நாள் அவன் சோறு சரியாகத் தின்னாமல் திரிந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமை பகலில் சாருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுக் கீழே வந்தான். முகம் அழுகிற மாதிரி இருந்தது.

“டிராயிங் பக்காவாம்மா. அன்னிக்கே எல்லாம் ஓடிச்சாம். என் சால்டரிங்குதான் கலீஜாம். பொம்பளைங்களே சுளுவா பண்ணாங்களேன்றாரு.”

“டிராயிங்கு தப்பு” என்றேன்.

“இன்னாம்மா சொல்ற?”

“தப்புன்னா தப்பு. அங்க வழி இல்ல. ஒரு துண்டு ஒயரு குடு. சால்டரிங் அயன சூடு பண்ணு. என் கண்ணாடி எங்க கீது பாரு.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் எழுந்து போனான். நீல ஒயரே கிடைத்தது. நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே பத்தவைத்தேன். அவன் டி.வி. பக்கம் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், என் கையைப் பார்க்கவில்லை. வைத்து முடித்ததும், பழக்கம் பாருங்கள், பக்கத்தில் கிடந்த கறுப்பு டேப்பைக் கிழித்து மேலே ஒட்டிவிட்டேன். யாரும் ஒட்டச் சொல்லவில்லை.

ஸ்விட்சைப் போட்டான். திரை ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் வந்து மினுக் மினுக்கென்று அடித்தது. என் மகன் “அம்மா!” என்று கத்தி என்னைத் தூக்கிவிட்டான். நான் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். எத்தனை பலகை வைத்திருப்பேன், அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். இதற்குத்தானா அந்தக் கண்ணாடிக் கதவு என்று இருந்தது.

“நாளைக்கு சொல்லுவியா?” என்று கேட்டேன். எனக்காக வாயைத் திறந்து ஒன்று கேட்டது, அந்த சார் முன்னால் நின்றதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

“சொல்லாம? மைக்லயே சொல்றேம்மா. சாரு பக்கத்துல உன்ன நிக்க வச்சு சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த இந்தப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவிலும் ரயிலிலும் போனேன். மகன் காலையிலேயே போய்விட்டான். பின் வரிசையில் இடம் கிடைத்தது. சார் வந்தார். தலை பூராவும் வெளுத்துவிட்டது. பெரிய திரையில் வெள்ளைக் கட்டம் மினுக்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். சார் மைக்கைப் பிடித்து என் மகனைக் கேட்டார்.

“அப்புறம் என்னப்பா கோளாறு, கண்டுபிடிச்சியா?”

என் மகன் சாரைப் பார்த்தான். என்னைத் தேடினான், பார்த்தும் விட்டான். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“லூஸ் கனெக்‌ஷன் சார்” என்றான்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. “நான் அப்பவே சொன்னேன்ல!” என்றார் சார். சொல்லிக்கொண்டே பலகையை எடுத்துப் புரட்டினார். டேப்பைப் பார்த்தார். கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். தலையைத் தூக்கி ஹால் முழுக்க ஒரு தடவை பார்த்தார். என்னைத்தான் தேடினார், எனக்குத் தெரியாதா? நான் தலையைக் குனியவில்லை. பின் வரிசை வரை அவர் கண் வந்ததா என்று தெரியவில்லை. பலகையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலத்திலேயே ஒரு தப்பு இல்லாமல் எப்படி வரைந்தோம் என்று ரொம்ப நேரம் பேசினார். கடைசியில் சால்வை போட்டு, அந்தப் பலகையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் என் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

“வயசானவரும்மா. அத்தினி பேர் முன்னாடி மூஞ்சி தொங்கிப் பூடும். எப்படிம்மா சொல்றது?”

யோசித்துப் பார்த்தால் நான் அன்று பெஞ்சில் செய்ததைத்தான் அவன் மேடையில் செய்தான். அதே ஆளுக்காக, அதே தப்பை மூடினான். நான் செய்தபோது என் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அவன் செய்தபோது என்மேல் மண் போட்டது போல் இருந்தது. அவனுக்கு டேப் ஒட்டும் வேலைகூட இல்லை, அதையும் நானே ஒட்டிக் கொடுத்திருந்தேன்.

இத்தனை வருடம் கழித்துப் போன மாதம் அவன் கூட்டத்தார் அதே டிராயிங்கில் நிறையப் பலகைகள் அச்சடித்து, ஆசைப்பட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஒன்றிலும் படம் வரவில்லையாம். இவனுக்குப் போன் மேல் போன். ஒயர் இருக்கிற பலகை சார் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில். அவரைக் கேட்டானாம். டிராயிங் சரி, எல்லாருடைய சால்டரிங்கும் தப்பு என்றாராம்.

நேற்று காலை சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, அந்த ஒயரு எங்கேர்ந்து எங்க வச்ச?”

“லூஸ் கனெக்‌ஷன்தான நைனா? நல்லா அழுத்திப் பாரு” என்றேன்.

“கோச்சிக்காத. மானம் போவுதும்மா.”

“உனுக்கு இப்பதான் போவுதா?” என்று கேட்டுவிட்டேன். ஆனால் யாரோ எங்கேயோ இருட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து தன் கையைத் தானே திட்டிக்கொண்டிருப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கையில் தப்பில்லை.

அதனால்தான் இதைச் சொல்லி எழுதவைக்கிறேன். பலகையை நேராக வைத்தால் மேல் வரிசையில் வலது கோடியில் ஒரு பூரான். அதில் வலது பக்க வரிசையில் கீழிருந்து நாலாவது கால். அங்கிருந்து, டி.வி. ஒயர் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் முக்காலியின் நடுக்காலுக்கு ஒரு ஒயர் போக வேண்டும். கவிழ்த்துப் பார்த்தால் வலதெல்லாம் இடது பக்கம் வரும், மாற்றி வைத்துவிடாதீர்கள். எந்த நிற ஒயரும் ஆகும். நாங்கள் நீலம் வைத்தோம். மேலே டேப் ஒட்ட வேண்டாம்.

என் மகன் வாசலில் நிற்கிறான். அந்த ஒரு இடத்தை மட்டும் படித்துக் காட்டு என்று, இதை எழுதுகிற தன் மகளைக் கெஞ்சுகிறான். முடியாது. அந்த ஒயரோடு சேர்த்து நானும் வருவேன், பெஞ்சில் இருந்த பெண்களும் வருவார்கள்.

எங்கே கண்ணு, எனக்கு எத்தனை வயது என்று ஆரம்பித்தாயே, அங்கிருந்து படி. உங்கப்பன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படி.